காலியாக நின்ற இடது கை

லூர்து,

போன ஞாயிற்றுக்கிழமை செலக்‌ஷன் முடிந்ததும் வேர்வைகூடக் காயாமல் நீ தாம்பரம் பஸ் ஏறிப் போய்விட்டாய். வீட்டுக்கு வருவாய் என்று உன் அம்மா மீன் குழம்பு வைத்திருந்தாள். நான் மட்டும் வாசலில் வந்து நின்றதைப் பார்த்ததும் சட்டியை மூடிவைத்தாள். ஹாஸ்டலுக்கே வந்து உன்னோடு பேசலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். நேரில் வந்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். நீ டீ வாங்கிக் கொடுப்பாய், உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்பாய், நானும் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவேன். உன் தம்பி சூசை போன பிறகு நாம் இருவரும் அப்படித்தான் பேசிக்கொண்டிருக்கிறோம். அதனால் எழுதுகிறேன். கம்பெனியில் கேட் பாஸ் எழுதியே பழகிய கை இது. கோணல்மாணலாக இருந்தால் கிண்டல் செய்யாமல் கடைசிவரை படி.

முதலில் நீ தெரிந்துகொள்ள வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் கம்பெனி கபடி டீமில் வலது மூலைக்கு ஆள் வேண்டும். ஆட்டத்தோடு வேலையும் உண்டு, மெஷின் ஷாப்பில். ஸ்ரீபெரும்புதூர் ரோட்டில் அந்தச் சைரன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நீ வளர்ந்தவன், அந்த வேலை நம் வீட்டுக்கு என்ன என்று நான் விளக்கத் தேவையில்லை. பிடிப்பவர்களைத் தேர்ந்தெடுக்கும்போது என்னைத்தான் கூப்பிடுவார்கள். இந்த முறை நீ வந்திருந்ததால் நான் ஒதுங்கிக்கொண்டேன், கோதண்டம் அண்ணன் பார்த்தார். ஆட்டம் முடிந்ததும் அவர் என்னைத் தனியாக அழைத்துப் போனார்.

“உன் புள்ளகிட்ட ஒரு கொறையும் இல்லப்பா. காலு இரும்பு. அவசரப்படாம காத்துகினு இருந்து புடிக்கிறான். ஆனா இடது கையை யாருக்கும் குடுக்க மாட்டேங்கிறானே, இன்னா அது? பக்கத்துல நிக்கிறவன் கையை நீட்டினா இவன் முதுகுக்குப் பின்னால மறைச்சிக்கிறான். கை கோத்து சங்கிலி போடாத மூலைய வெச்சிகினு நான் இன்னா பண்றது? திமிரா?”

“திமிரு இல்லண்ணே.”

“அப்போ இன்னா?”

நான் குனிந்து வேட்டியில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினேன். “சரி, வர்ற ஞாயித்துக்கெழம வல்லக்கோட்டையில மேட்ச் கீது. இன்னொரு வாட்டி பாக்குறேன். அப்பவும் ஒத்தையா நின்னான்னா வேற ஆளப் போட்டுருவேன். மனசுல வெச்சிக்காத” என்றார். வைத்துக்கொள்ள என்ன இருக்கிறது? அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

நான் ஆளைப் பார்க்கும் விதம் உனக்குத் தெரியும். ஜனமெல்லாம் நடுக்கோட்டுப் பக்கம் நின்று பாடி வருகிறவனைப் பார்க்கும். அவன் துள்ளலுக்குத்தான் விசில். நான் கடைசிக் கோட்டுக்குப் பின்னால் போய்த் தரையில் குந்திக்கொள்வேன். பிடிக்கிறவனை முதுகுப் பக்கமிருந்துதான் பார்க்க வேண்டும். முகம் பொய் சொல்லும், மார்பும் புஜமும் நிறையப் பொய் சொல்லும். குதிகால் சொல்லாது. பயந்தவன் குதிகால் பாடுகிறவன் நெருங்கும்போது மண்ணில் பதியும். அவசரக்காரனுடையது தூக்கியே இருக்கும், நிலையாக நிற்காது. நல்ல பிடிகாரன் பாடுகிறவனுடைய மூச்சைக் கேட்டுக்கொண்டிருப்பான். பாட்டு தேய ஆரம்பிக்கும்போதுதான் அவன் குதிகால் எழும்பும். அதற்கு முன்னால் எத்தனை பேர் அவனைச் சீண்டிவிட்டுப் போனாலும் போகட்டும் என்று விடுவான். அந்தப் பொறுமை இல்லாதவனை நான் ஒரு நாளும் எடுத்ததில்லை. கோதண்டம் அண்ணன் தொடையைப் பார்க்கிற ஆள். தொடையை மட்டும் பார்த்து எடுப்பதென்றால் செலக்‌ஷனை மாட்டுச் சந்தையில் வைத்துவிடலாமே என்று அவரைச் சீண்டியிருக்கிறேன்.

நான் யாருக்கும் ஒப்புக்குச் சொன்னவன் இல்லை. உன் தாய்மாமன் கதை ஞாபகமிருக்கிறதா? படப்பையில் பெரிய பிடிகாரன் என்று பெயர் வாங்கியவர், கம்பெனிக்கு வந்தார். உன் அம்மா முந்தின நாளே கோழி அடித்து அண்ணனுக்கும் எனக்கும் சேர்த்துப் போட்டாள். சாப்பிட்டுவிட்டு மறுநாள் கோட்டுக்குப் பின்னால் குந்தினேன். பாடுகிறவன் எதிர்ப் பக்கம் போனதும் உன் மாமன் இடுப்பில் கை வைத்து நின்றார், ஜனத்தில் யாரோ கூப்பிட்டதற்குத் தலையாட்டினார். தன் பக்கம் ஆட்டம் இல்லாதபோது நின்று வேடிக்கை பார்க்கிறவன் மூலைக்கு ஆக மாட்டான் என்று சொல்லிவிட்டேன். அதன் பிறகு ஒரு கிறிஸ்துமஸுக்குக்கூட அவர் நம் வீட்டுப் படி ஏறவில்லை. “எங்க அண்ணன் கால்ல கொற கண்டுபுடிச்ச கண்ணு, நோவாம இருக்கணும்” என்று உன் அம்மா வாயாரத் திட்டினாள். அவள் அண்ணனுக்கே ஒப்புக்குச் சொல்லாதவன் நான். கடைசியில் உன்னிடம் ஒன்று சொல்லப்போகிறேன், அப்போது இதை நினைத்துக்கொள்.

உங்கள் இருவரையும் நான் ஜோடியாக நிற்க வைக்கவில்லை. நீங்களே நின்றீர்கள். நீ வலது மூலை, உன் இடது கையைப் பிடித்துக்கொண்டு சூசை. சேரப்பணஞ்சேரிக் கோயில் பக்கத்துத் தரிசில் முதல்முதலாக அப்படிப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. வீட்டில் ஒரு பாயில் படுக்கச் சொன்னால் அடித்துக்கொள்கிறவர்கள் கோட்டுக்குள் போனதும் கை கோத்துக்கொள்கிறீர்களே என்று. பிறகு உட்கார்ந்து பார்த்தேன், சிரிப்பு போய்விட்டது. சங்கிலி போடுவது எல்லோருக்கும் வரும். மூலைக்காரன் முன்னால் எட்டிப் போகும்போது பக்கத்தில் இருப்பவன் அவனைத் தாங்கி நிற்க வேண்டும், பாடுகிறவன் திரும்பி எத்தினால் பின்னால் இழுத்துக் காப்பாற்ற வேண்டும், மூலைக்காரன் பாடுகிறவனின் காலில் விழ முடிவு செய்த கணத்தில் இரண்டு பேரும் ஒன்றாகக் கையை விட வேண்டும். அந்த விடுவதுதான் கஷ்டம். முன்கூட்டியே விட்டால் மூலைக்காரன் தடுமாறுவான், தாமதித்து விட்டால் இருவருமே விழுவார்கள். உங்கள் இருவருக்கும் யாரும் சொல்லித்தராமலே அது வந்தது. நான் எத்தனையோ மைதானத்தில் குந்தியிருக்கிறேன், அப்படி ஒரு ஜோடியைக் கண்டதில்லை. நீங்கள் இருந்தபோது சொல்லியிருந்தால் தலைக்கனம் ஏறும் என்று சொல்லாமல் விட்டேன்.

படப்பை மேட்ச் பற்றி எழுதாமல் இந்தக் கடிதம் நகராது. எழுதுவதற்குக் கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். மாட்டு வண்டிகள் நிற்கும் களத்தைச் சமன் செய்து கோடு போட்டிருந்தார்கள். நீ எதிரியின் கணுக்காலைப் பிடித்தாய், சூசை மேலே வந்து விழுந்தான், ஆள் அவுட். எழுந்தபோது சூசையின் முழங்கையில் ரத்தம். மண்ணில் ஏதோ லாடத் துண்டு கிடந்திருக்கிறது. அவன் எச்சிலைத் தொட்டுத் தடவிக்கொண்டு உன் முதுகில் ஓங்கி ஓர் அறை அறைந்து சிரித்தான். உன் முட்டியும் அன்று தேய்ந்திருந்தது, இன்னும் பாதிப் பேருக்குத் தேய்ந்திருந்தது. யார் அதையெல்லாம் பார்த்தார்கள்? காயம் ஆறிவிட்டது. அதற்குப் பிறகுதான் ஒரு காலையில் “வாய் தொறக்க வரலம்மா, பல்லு நோவு போலகீது” என்றான். அம்மா கிராம்பை நசுக்கி வைத்தாள். சாயங்காலம் கழுத்து இறுகியது. ரண ஜன்னி, டெட்டனஸ் என்று ஆஸ்பத்திரியில் சொன்னபோது எங்களுக்கு அது என்னவென்றே தெரியவில்லை. ஜன்னலெல்லாம் சாத்திய அறையில் போட்டார்கள். வெளிச்சம் படக்கூடாது, சத்தம் ஆகாது, தொடவே கூடாது என்றார்கள். பெற்ற பிள்ளை துடிக்கும்போது தொடக்கூடாது என்றால் என்ன செய்வது? கைகளைக் கக்கத்தில் செருகிக்கொண்டு நின்றேன். பிறகு அவனைக் கல்லறைக்குத் தூக்கிப் போனபோதுதான் நான் அவனைத் தொட்டேன்.

போன ஞாயிறு வழக்கம்போலக் கடைசிக் கோட்டுக்குப் பின்னால் குந்தியிருந்தேன். பக்கத்தில் நின்ற பையன் கையை நீட்டினான். தண்டலத்து ஏழுமலை, நல்ல பையன், சட்டையில் உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டு நீட்டினான். நீ கொடுக்கவில்லை. கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாய், அவன் முகத்தைத் திருப்பியதும் உன் இடது கை மறுபடி பக்கவாட்டில் கொஞ்சம் விரிந்து, சும்மா நின்றது. இப்போது சொல்கிறேன், நீ கோபப்பட்டாலும் பரவாயில்லை. அதைப் பார்த்து எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. நீ தம்பிக்கு இடம் வைத்துக்கொண்டு நிற்கிறாய் என்று நினைத்தேன். ஏழு பேர் நிற்கும் கோட்டில் எட்டாவதாக ஒருவன் நிற்பதை நான் பார்த்தேன். அவன் நீலக் கால்சட்டை, அந்த ஒட்ட வெட்டிய முடி, குதிகால் எழும்பக் காத்திருக்கும் நிலை எல்லாம் எனக்குத் தெரிந்தன. கோதண்டம் அண்ணன் கேட்டபோது நான் வாயைத் திறக்காததற்கும் அதுதான் காரணம். சொன்னால் பக்கத்தில் நிற்பவனுக்குக் கை கொடுக்கும்படி உன்னை மாற்றச் சொல்வார்கள், மாற்றினால் அந்த இடத்தில் அவன் இல்லாமல் போய்விடுவான். அவனைப் பார்க்க எனக்கு வேறு எந்த இடம் இருக்கிறது சொல்.

வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் இதைச் சொன்னேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியாது.

“தம்பிக்கு எடம் வெச்சிகினு கீறான்னா நெனைச்ச? ஊரெல்லாம் போயி ஆளப் பாத்து எடுக்கிற மனுசன், பெத்த புள்ளயப் பாக்கத் தெர்லியே உனக்கு. அவன் பயந்துகினு கீறான்யா.”

“எதுக்குப் பயம்?”

“அன்னிக்கு நீ மருந்து வாங்கப் போயிருந்த. நர்ஸம்மா அந்தாண்ட போனாங்க. இவன் மெதுவாப் போயி தம்பி கையத் தொட்டான். தொட்டதும் புள்ள வில்லாட்டம் வளைஞ்சிது. இவன் செவுத்துல போயி ஒட்டிக்கினான். அப்பலேர்ந்து அவன் என் கையத்தான் தொடறானா, உன் கையத்தான் தொடறானா? வெளிய வந்து எங்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டான். ‘படப்பைல நான் கைய விடாம இழுத்துட்டேனாம்மா’ன்னு. எனக்கு ஆட்டம் இன்னா தெரியும்? அதெல்லாம் ஒண்ணும் இல்லடான்னு சொன்னேன். அவன் நம்பல.”

லூர்து, அந்தக் கேள்வியை நீ என்னிடமல்லவா கேட்டிருக்க வேண்டும்? பதில் தெரிந்தவன் நான் ஒருவன்தானே. இத்தனை மாதமாக நீ அதைச் சுமந்துகொண்டு ஹாஸ்டலில் கிடந்திருக்கிறாய், நான் வீட்டில் உட்கார்ந்து என் துக்கத்துக்கு உன் கையைச் சாட்சியாக வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். உன் மாமனின் குதிகாலில் குறை கண்ட கண்ணுக்கு இது தெரியவில்லை. உன் அம்மா சொன்னது சரிதான்.

இப்போது கவனமாகப் படி. அப்பனாகச் சொல்லவில்லை, கடைசிக் கோட்டுக்குப் பின்னால் குந்தியிருந்தவனாகச் சொல்கிறேன். படப்பையில் அந்தப் பிடியின்போது நான் உங்கள் இருவருக்கும் நேர் பின்னால் இருந்தேன். பாடி வந்தவனின் பாட்டு தேய்ந்தது. உன் குதிகால் எழும்பியது. நீ கையை விட்டாய். விட்டாய், லூர்து. சரியான கணத்தில், ஒரு துளி முன்னேயும் இல்லை, பின்னேயும் இல்லை. சூசையின் விரல்கள் விரிந்ததையும் பார்த்தேன். இரண்டு கைகளுக்கும் நடுவில் எனக்கு எதிர்ப் பக்கத்து வேலி தெரிந்தது. நீ கணுக்காலில் விழுந்தாய், உன் முகம் மண்ணில் இருந்தது. அதற்குப் பிறகு நடந்தது எதையும் நீ பார்த்திருக்க முடியாது. பாடி வந்தவன் பலசாலி, உன்னையும் இழுத்துக்கொண்டு நடுக்கோட்டை நோக்கிக் கையை நீட்டினான். சூசை நின்ற இடத்திலேயே நின்றிருக்கலாம். நிற்கவில்லை. இரண்டு எட்டு எடுத்து வைத்து, அவனாகவே தாவி, அந்த ஆளின் இடுப்பில் விழுந்தான். லாடம் கிடந்தது அங்கே, நீ இருந்த இடத்திலிருந்து ஒரு முழம் தள்ளி. நீ அவனை இழுக்கவில்லை. அவன் ஆடினான். மிக நன்றாக ஆடினான். நான் தேர்ந்தெடுக்கப் போயிருந்தால் அந்த ஒரு தாவலுக்காகவே அவனை எடுத்திருப்பேன்.

ஆஸ்பத்திரியில் நடந்ததற்கும் பதில் சொல்கிறேன். நீ தொட்டதால்தான் அவனுக்கு அப்படி வந்தது என்று நினைக்கிறாய். கதவு கிரீச்சிட்டபோதும் வந்தது. வராந்தாவில் யாரோ வாளியைக் கீழே வைத்தபோதும் வந்தது. நான் இருமினேன், அதற்கும் வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினேன். அந்த நோய்க்கு அண்ணன் கை, வாளிச் சத்தம் என்று வித்தியாசம் தெரியாது. ஆனால் சூசைக்குத் தெரிந்திருக்கும். அவனுக்குக் கடைசிவரை நினைவு இருந்தது என்று டாக்டர் சொன்னார். நம் எல்லோரையும் தொடாதே என்று ஒதுக்கி வைத்த அந்த அறையில் ஒரு கை அவன் கையைத் தொட்டது, அது எந்தக் கை என்று அவனுக்குத் தெரிந்திருக்கும். நான் தொடவில்லையே என்று தினமும் அழுகிறேன். நீ தொட்டாய். அதற்காக நான் உன்மேல் பொறாமைப்படுகிறேன் என்று சொன்னால் நம்புவாயா?

ஞாயிற்றுக்கிழமை வல்லக்கோட்டையில் ஏழுமலைதான் உன் பக்கத்தில் நிற்பான். அவனுக்கு உன் கதை எதுவும் தெரியாது. போன முறை நீ கையை மறைத்துக்கொண்டதும், தன் கையில் ஏதாவது அழுக்கு இருக்கிறதோ என்று திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டான். பாவம். இந்த முறையும் கையைத் துடைத்துக்கொண்டு நீட்டுவான். கொடு. வேலைக்காகக் கேட்கவில்லை. வேலை போனால் போகிறது, உனக்கு வேறு டீம் கிடைக்கும். உன் அம்மா உனக்குச் சோறு போடும்போது தட்டைத் தரையில் வைத்துவிட்டு நகர்ந்துகொள்கிறாள், கையில் கொடுத்தால் நீ வாங்கத் தயங்குகிறாயாம். அதற்காகக் கேட்கிறேன்.

நீ கையைக் கொடுக்கும்போது எனக்கு என்ன ஆகும் என்றும் தெரிந்தே கேட்கிறேன். ஏழுமலை வந்து நின்றால் அந்த இடத்தில் நான் பார்த்துக்கொண்டிருந்தவன் இருக்க மாட்டான். அன்றைக்குத்தான் என் சின்னப் பிள்ளை நிஜமாகவே போவான். அழுவேன். பின்னால் குந்தியிருக்கிறவனை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, அது ஒரு வசதி. உன் அம்மாவும் வருகிறாளாம். ஆட்டம் தெரியாது என்றவள், என் பக்கத்திலேயே உட்கார வேண்டும் என்கிறாள்.

ஏழுமலை கையை இறுக்கிப் பிடி. பயப்படாதே. விட வேண்டிய நேரத்தில் உன் கை தானாகவே விடும். நான் பின்னாலிருந்து பார்த்திருக்கிறேன்.

கடைசிக் கோட்டுக்குப் பின்னால் காத்திருக்கும்,
அப்பா